ஸ்டாக் ஏறியது, சரக்கு வரவில்லை

"ரிட்டர்ன் ஆப்பையும் டேட்டாபேஸையும் இணைச்சு விட்டுடுங்க சார், அப்புறம் நீங்க அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க வேண்டாம்." ஆன்லைனில் துணி விற்கும் சிறு வியாபாரிகளிடம் இன்று துணியைவிட வேகமாக விற்பனையாகும் வாக்கியம் இது. விற்பவர்கள் ஆட்டோமேஷன் ஆலோசகர்கள். வாங்குகிறவர்கள், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்த விலைக்கு எடுத்தோ, திருப்பூரிலிருந்து லாரியில் இறக்கியோ, மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில் வாடகைக்குப் பிடித்த ஒரு முதல் மாடியிலிருந்து அஸ்ஸாம்வரை பார்சல் அனுப்புகிறவர்கள். ரிட்டர்ன் அவர்களுடைய லாபத்தைத் தின்கிறது என்பது உண்மை. அதனால் இந்த வாக்கியத்தைக் கேட்டதும் மயங்கிவிடுகிறார்கள்.

இணைக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இணைத்த பிறகு திரும்பிப் பார்க்க வேண்டாம் என்ற பேச்சைத்தான் மறுக்கிறேன். முதலாளியின் பணத்துக்கும் வேலை செய்கிறவர்களின் பெயருக்கும் ஒருசேர உலை வைக்கிற பேச்சு அது.

அந்த இணைப்பு என்னதான் செய்கிறது? வாடிக்கையாளர் 'ரிட்டர்ன்' பொத்தானைத் தொடுகிறார். ஷாப்பிஃபை மாதிரியான கடை மென்பொருள் உடனே ஒரு முகவரிக்குச் செய்தி அனுப்புகிறது. தொழிலில் அதற்கு வெப்ஹூக் என்று பெயர். நடுவில் ஸாப்பியரோ, நம்ம ஊர் ஜோஹோவின் ஃப்ளோவோ அதை வாங்கி, ஆர்டர் நம்பர், சரக்குக் குறியீடான எஸ்.கே.யூ., சைஸ், காரணம், தொகை என்று பிரித்து டேட்டாபேஸில் ஒரு வரி எழுதுகிறது. கையோடு ஸ்டாக்கில் ஒன்றைக் கூட்டுகிறது, ரீஃபண்டு போடச் சொல்கிறது, வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறது. எல்லாம் சில நொடி வேலை. ராத்திரி வெகுநேரம் கூகுள் ஷீட்டில் காப்பி பேஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தவருக்கு இது பெரிய விடுதலை.

இவ்வளவும் நடந்து முடிந்த நேரத்தில் அந்தச் சுடிதார் எங்கே இருக்கிறது? கோயம்புத்தூரில், வாங்கியவர் வீட்டுக் கட்டில்மேல். இன்னும் மடிக்கக்கூட இல்லை. ஆனால் மாத்தூர் கணக்கில் அது ராக்கில் ஏறிவிட்டது. அதை இன்னொருவர் ஆர்டர் பண்ணவும் செய்யலாம்.

ரிட்டர்ன் ஒரே நொடியில் நடந்து முடியும் சம்பவம் இல்லை. கேட்பது ஒன்று, கடை ஒப்புக்கொள்வது ஒன்று, கூரியர் எடுப்பது ஒன்று, குடோனுக்கு வருவது ஒன்று, பிரித்துப் பார்ப்பது ஒன்று, பணம் கொடுப்பது வேறொன்று. ஷாப்பிஃபையே ரிட்டர்னையும் ரீஃபண்டையும் தனித்தனிப் பதிவாகத்தான் வைத்திருக்கிறது. சரக்கை மறுபடி ஸ்டாக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் தனியாகவே கேட்கிறது. ஆக, கடை மென்பொருள் எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நடுவில் இணைப்புப் போட வருகிறவர்தான் அவசரத்தில் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டுப் போகிறார்.

அதிலும் நம் நாட்டு ரிட்டர்ன் இரண்டு ஜாதி. வாடிக்கையாளர் வாங்கி, பிரித்து, போட்டுப் பார்த்து, பிடிக்காமல் அனுப்புவது ஒன்று, கஸ்டமர் ரிட்டர்ன். வாசலுக்குப் போன பார்சலை வாங்கவே மாட்டேன் என்று சொல்லியோ, கதவு பூட்டியிருந்தோ, போன் எடுக்காமலோ திரும்பி வருவது இன்னொன்று, ஆர்.டி.ஓ., அதாவது ரிட்டர்ன் டு ஆரிஜின். 2010-இல் ஃபிளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்தது. ஊர் பேர் தெரியாத கடையிலும் கைக்குப் பொருள் வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்ற தைரியத்தில் ஜனங்கள் வாங்க ஆரம்பித்தார்கள். அதோடு சேர்ந்து வந்ததுதான் இந்த ஆர்.டி.ஓ. தலைவலியும். வெளிநாட்டுக் கடைகளை மனதில் வைத்து எழுதிய டெம்ப்ளேட்டில் இந்த ஜாதிக்கு இடமே இருக்காது. இரண்டும் 'ரிட்டர்ன்டு' என்ற ஒரே கட்டத்தில் விழும். 'ரிட்டர்ன்டு' என்றால் ரீஃபண்டு போடு என்று விதி எழுதியிருந்தால், கையில் காசே வாங்காத ஆர்.டி.ஓ. பார்சலுக்கும் பணம் கொடுக்கச் சொல்லி இயந்திரம் நிற்கும். யோசித்துச் செய்கிற மனிதன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். இயந்திரம் சொன்னதைச் செய்யும், அதுவும் ஒரு நாள் தவறாமல்.

மாத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடோனில் ரிட்டர்ன் பிரிக்கும் மேசையைப் பார்த்திருக்கிறேன். பிளைவுட் பலகை. மேலே ஸ்டாண்டில் ஒரு பழைய போன், கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். ராங் ரிட்டர்ன், அதாவது வேறு பொருள், வந்தால் விற்பனைத் தளத்தில் கிளெய்ம் போட வீடியோ வேண்டும். பிரிக்கிற அக்கா பையின் முன்பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டுவார், கூரியரின் ஏ.டபிள்யூ.பி. நம்பர் தெரிகிறமாதிரி. பிறகு பின்பக்கம், ஒட்டியது பிரிந்திருக்கிறதா என்று. அப்புறம்தான் பிளேடு. துணியை உதறி, டேக் இருக்கிறதா பார்த்து, கழுத்துப் பட்டையை மூக்கருகே கொண்டுபோவார். பவுடர் வாசனை அடித்தால் ஒரு நாளாவது உடுத்தியாயிற்று என்று அர்த்தம். அன்றைக்கு முதலாளித் தம்பி போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அக்கா, சிஸ்டத்துல காலையிலேயே ரிசீவ்டுன்னு காட்டுது. இன்னும் ராக்குல வைக்கலியா?"

"இன்னாத்த தம்பி வைக்கிறது? நீ அனுப்புனது மெரூன் கலர் எக்ஸெல்லு. வந்துகீறது யாரோ கட்டி நஞ்சுபோன நைட்டி. இத ராக்குல வெச்சா நாளைக்கு இன்னொருத்தர் வூட்டுக்குப் போவும், பரவால்லியா?"

டேட்டாபேஸில் அந்த வரியை நான் பார்த்தேன். எஸ்.கே.யூ. சரி. எண்ணிக்கை 1. காரணம்: சைஸ் பொருந்தவில்லை. நிலை: வந்துசேர்ந்தது. ஸ்டாக்: ஒன்று கூடியது. எழுத்துப்பிழைகூட இல்லை. நைட்டியைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. ஏனென்றால் வந்தது என்ன என்று கேட்கும் கட்டமே அந்த அட்டவணையில் கிடையாது. அனுப்பப்போவதாகச் சொன்னதை வந்ததாக எடுத்துக்கொள்ளும்படி அதைக் கட்டியிருந்தார்கள். அந்த அக்காவுக்குச் சிஸ்டத்தில் லாகின்கூட இல்லை. உண்மை தெரிந்த ஒரே ஆளுக்கு எழுத அனுமதி இல்லை. எழுத அனுமதி பெற்ற மென்பொருளுக்குக் கண் இல்லை.

'காரணம்' என்ற கட்டத்தை ஆலோசகர்கள் தங்கச் சுரங்கம் மாதிரி காட்டுவார்கள். எந்தச் சைஸ் அதிகம் திரும்புகிறது, எந்த நிறம், எந்த ஊர் என்று வண்ணப் படம் போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் கட்டத்தை நிரப்புகிறவர் யார்? எதைத் தொட்டால் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வார்கள், எதைத் தொட்டால் கூரியர் செலவு தன் தலையில் விழாது என்று தெரிந்த வாடிக்கையாளர். அவரைக் குறை சொல்லமாட்டேன். கடை அப்படித்தான் அவரைப் பழக்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பதிலை வைத்து அடுத்த மாதக் கொள்முதலைத் தீர்மானிப்பது புத்திசாலித்தனம் இல்லை. எக்ஸெல் சைஸ் எல்லாம் திரும்புகிறது என்று படம் சொல்லும். திருப்பூர்க்காரரிடம் எக்ஸெல்லைக் குறைக்கச் சொல்வீர்கள். நிஜத்தில் போட்டோவில் இருந்த நிறமும் துணியின் நிறமும் வேறாக இருந்திருக்கும்.

அந்தக் கட்டத்தில் சட்டமும் தொங்குகிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பழுதான சரக்கு, போலிச் சரக்கு, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத சரக்கு, தாமதமாக வந்த சரக்கு ஆகியவற்றைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்ல முடியாது. பழுதா, மனம் மாறியதா என்பதில்தான் உங்கள் கடமை மாறுகிறது. அதைச் சரக்கைக் கையில் வாங்கிப் பார்த்தவர் எழுத வேண்டும். பொத்தானைத் தொட்டவரின் பதிலை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொண்டு நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் நின்றால், உங்கள் பக்கம் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது.

சரி, எழுதுவதையாவது அந்த இணைப்பு ஒழுங்காக எழுதுகிறதா? வெப்ஹூக் செய்திக்கு இரண்டு குணம் உண்டு. சில சமயம் வராது. சில சமயம் இரண்டு தடவை வரும். அனுப்பிய கடைக்குச் சில நொடிக்குள் 'கிடைத்தது' என்ற பதில் போகவில்லை என்றால் அது மறுபடி அனுப்பும். முதல் செய்தியும் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் ஒரு சுடிதார் இரண்டு சுடிதாராகிவிடும். ஒரு ரிட்டர்ன் எண்ணுக்கு ஒரு வரிதான் என்று டேட்டாபேஸிலேயே பூட்டுப் போடுவது சின்ன வேலை. போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

பிரிட்டன் தபால் துறைக்கு ஃபுஜிட்சு நிறுவனம் கொடுத்த ஹொரைசன் கணக்கு மென்பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2015-இல் ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டனில் ஒரு கிளை அஞ்சலக நடத்துநர், 8,000 பவுண்டு வரவைப் பதிவு செய்யப் பொத்தானை அழுத்தினார். திரை நகரவில்லை. மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலும் ஒரு வரவாக ஏறி, நான்கு தடவை பதிவாகி, கையில் இல்லாத 24,000 பவுண்டுக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை. ஒரே செய்தி பலமுறை பதிவாகும் அதே நோய். அந்த மென்பொருளில் இருந்த பல பிழைகளில் இது ஒன்றுதான். 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்ட அஞ்சலக நடத்துநர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். அதில் ஒருவரான சீமா மிஸ்ரா 2010-இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார்; 2021-இல்தான் அவர்மீதான தீர்ப்பு ரத்தானது. கடைசியில் 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, எஞ்சியவர்களில் பெரும்பாலோரின் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய வேண்டியிருந்தது. மென்பொருளில் பிழை இருந்ததைவிடக் கொடுமை, கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆள்தான் தப்பு செய்திருப்பான் என்று எல்லாரும் நம்பியது.

அந்த நம்பிக்கை மாத்தூருக்கும் வந்துவிட்டது. சிஸ்டம் 40 காட்டுகிறது, ராக்கில் 37 இருக்கிறது. மூன்று எங்கே? பதில் தயாராக இருக்கும்: பேக்கிங் பையன் எடுத்திருப்பான். சம்பளத்தில் பிடி. அந்த மூன்றில் ஒன்று கட்டில்மேல் கிடக்கலாம், ஒன்று இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கலாம், ஒன்று நைட்டியாக இருக்கலாம் என்று யாரும் பார்ப்பதில்லை. நஷ்டத்துக்குச் சம்பளம் பிடிக்கும் முன் தொழிலாளி விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று 1936-ஆம் வருட ஊதிய வழங்கல் சட்டம் சொன்னது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் அதை விட்டுவிடவில்லை. லாகின் இல்லாதவன் எதைக் காட்டி விளக்கம் சொல்வான்?

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். நியாயமான வாதம்தான். "நோட்டுப் புத்தகக் காலத்துக்குத் திரும்பச் சொல்றீங்களா? பண்டிகை சமயத்துல ரிட்டர்ன் மூட்டை மூட்டையா வருது. கையால எழுதினா தப்பு இன்னும் அதிகம் வராதா?" வரும். நோட்டுப் புத்தகத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எண்ணை நகலெடுப்பதில் மனிதனைவிட இயந்திரம் தேவலை, சந்தேகமே இல்லை. சரக்கைப் பார்ப்பதில் இயந்திரம் இன்னும் அந்த அக்காவின் மூக்குக்குக் கிட்டே வரவில்லை. இரண்டு வேலையையும் ஒன்றாக்கிவிட்டு, முதல் வேலையின் திறமையைக் காட்டி இரண்டாவதையும் விற்கிறார்கள் என்பதே என் புகார். கூட்டம் அதிகமானால் மேசையில் இன்னோர் ஆளைப் போட வேண்டும். மேசையையே இல்லாததுபோல் நடத்தினால் மூட்டை குறையப்போவதில்லை, கணக்கில் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

வடசென்னைக்காரர்களுக்கு இதை யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. மாதவரம், மணலி, திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். துறைமுகத்தில் கப்பல் வருவதற்கு முன்பே சரக்குப் பட்டியல், அதாவது ஐ.ஜி.எம்., சுங்கத்துறையின் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். பட்டியல் வந்துவிட்டது என்பதால் சரக்கு வந்துவிட்டதாக அங்கே யாரும் எழுதமாட்டார்கள். கன்டெய்னரைப் பிரிக்கும்போது சீல் நம்பர் பார்ப்பார்கள், டேலி கிளார்க் பக்கத்தில் நின்று பெட்டி பெட்டியாக எண்ணுவார், நசுங்கியது, நனைந்தது எல்லாம் தனியாகக் குறிக்கப்படும், தகராறு என்றால் சர்வேயர் வருவார். பட்டியலுக்கும் டேலி ஷீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிப்பதுதான் அங்கே வேலையே. இறக்கிய சரக்கு குறைந்தால் சுங்கச் சட்டத்தின் 116-ஆம் பிரிவில் அபராதம் உண்டு. அறிவிப்பு வேறு, எண்ணிப் பார்த்தது வேறு என்ற இந்தப் பாடம் நம் தெருவிலேயே இருக்கிறது. வாடிக்கையாளரின் ரிட்டர்ன் விண்ணப்பம் ஐ.ஜி.எம். மாதிரி, அதை டேலி ஷீட்டாக நடத்தாதீர்கள் என்று ஒரு யார்டு ஆளைக் கூப்பிட்டுக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

பதிவு சரியாக இருந்தாலே போதும் என்பதும் பொய். பக்கத்து மணலியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட், 37 கன்டெய்னர்களில் சுமார் 700 டன், ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் கிடந்தது. எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருடையது எல்லாம் காகிதத்தில் இருந்தது. தகவலில் குறை ஒன்றுமில்லை. 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகம் அதே ரசாயனத்தால் வெடித்துச் சிதறிய பிறகுதான் ஊரே பதறி, அந்த மாதத்திலேயே மணலிச் சரக்கு ஹைதராபாத்துக்கு லாரி ஏறியது. ஐந்து வருடமாக அது அங்கே கிடந்தது தகவல் இல்லாததால் அல்ல. குடோன் மூலையில் கிடக்கும் ரிட்டர்ன் மூட்டைகளும் இப்படித்தான். துணி வெடிக்காது, பரவாயில்லை. ஆனால் கிளெய்ம் போடுகிற கெடு தாண்டிவிடும், சீசன் போய்விடும், மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். டேஷ்போர்டில் 'நிலுவை' என்ற எண் மட்டும் தினமும் சரியாகத் தெரிந்துகொண்டிருக்கும். இதை ராக்கில் வை, இதைத் துவைத்து மலிவு விலைக்குத் தள்ளு, இதற்குக் கிளெய்ம் போடு என்று சொல்ல அதிகாரம் உள்ள ஓர் ஆள் இல்லாத இடத்தில் எந்த டேட்டாபேஸும் உதவாது.

ஜி.எஸ்.டி. பக்கமும் ஒரு வார்த்தை. 34-ஆம் பிரிவின்படி விற்ற சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் போட்டு வரியைக் குறைத்துக்கொள்ளலாம். சரக்கு வந்தால்தான். ரிட்டர்ன் ஒப்புக்கொண்ட நொடியிலேயே கிரெடிட் நோட் போகும்படி இணைத்திருந்தால், வராத சரக்குக்கெல்லாம் வரி குறைத்தவராகிறீர்கள். மறுபக்கம், வந்த சரக்கைப் பதியாமல் விட்டால் நஷ்டம். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குமேல் அந்தக் குறைப்பைக் கேட்க முடியாது. தளம் வழியாக விற்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். 2024 ஜூலையிலிருந்து அரை சதவீதமாகிவிட்ட டி.சி.எஸ். வரிப்பிடித்தத்தை, ரிட்டர்ன் கழித்த நிகர விற்பனைமீதுதான் தளம் பிடிக்கிறது. தளத்தின் ரிட்டர்ன் கணக்கும் உங்கள் கணக்கும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு அர்த்தத்தில் எழுதப்பட்டால், ஆடிட்டர் கேட்கும்போது இரண்டும் எந்த ஜென்மத்திலும் ஒத்துப்போகாது.

ஆகவே இணையுங்கள், ஆனால் எதை இயந்திரத்திடம் கொடுப்பது என்பதில் பிடிவாதமாக இருங்கள். பிக்கப் லேபிள் அடிப்பது, வாட்ஸ்அப் அனுப்புவது, ஏ.டபிள்யூ.பி. நம்பரை ஆர்டரோடு பொருத்துவது, கிளெய்ம் கெடு நெருங்கும்போது மணி அடிப்பது, தளத்தின் பணக்கணக்கையும் நம் கணக்கையும் ராத்திரி ஒத்துப்பார்த்து ஒட்டாததைத் தனியே எடுத்து வைப்பது, இதெல்லாம் தாராளமாக அதன் வேலை. ஸ்டாக் எண்ணை மட்டும் அது தொடக்கூடாது. மேசையில் பிரித்தவர் பார்கோடை ஸ்கேன் பண்ணி, நல்லது, அழுக்கு, கிழிசல், வேறு பொருள் என்று ஒன்றைத் தொட்ட பிறகே அந்த எண் அசைய வேண்டும். எழுதியவர் யார், எப்போது என்பது வரியிலேயே இருக்க வேண்டும். நாளைக்குச் சண்டை வந்தால் அது அவரையும் காப்பாற்றும், உங்களையும் காப்பாற்றும். பிரிக்காத ஆர்.டி.ஓ.வுக்கு வேறு கட்டம், பிரித்த ரிட்டர்னுக்கு வேறு கட்டம். அந்த மேசைக்காரருக்குப் பேக்கிங் ஆளைவிட ஒரு ஆயிரமாவது கூடக் கொடுங்கள். மாதாமாதம் மென்பொருளுக்குச் சந்தா கட்ட யோசிக்காதவர்கள் இதற்கு மட்டும் யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆலோசகருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கடையிலேயே ஒரு சட்டை ஆர்டர் போட்டு, அதற்கு ரிட்டர்ன் கேட்டு, பையில் ஒரு பழைய துண்டை வைத்துத் திருப்பி அனுப்புங்கள். ரிட்டர்ன் செய்தியை இரண்டு தடவை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்சலைப் பிரிப்பதற்கு முன்பே ஸ்டாக்கில் ஒரு சட்டை கூடியிருந்தால், அவருக்கு அந்தத் தவணையைக் கொடுக்காதீர்கள்.